மாற்று எஞ்சினும் மாசற்ற காற்றும்

பழைய வீடொன்றை வாங்க விரும்புபவன் சுவரின் பூச்சை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. கிணற்று நீரைச் சுவைத்துப் பார்க்கின்றான். உறுதியை வாசித்துப் பார்க்கின்றான். பழைய மோட்டார்க் காரை வாங்குபவனிடமும் அந்த நிதானம் இருத்தல் வேண்டும். அக்கார் விரைந்து ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட 'ஸ்போர்ட்ஸ் கார்' ஆகவும், அதன் சொந்த எஞ்சின் நீக்கப்பட்டு வேறொரு காரின் எஞ்சின் பொருத்தப்பட்டதாகவும் இருந்துவிட்டாலோ, அந்த நிதானம் இருமடங்காக வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் இத்தகைய கார்கள்மீது மோகங் கொண்டோர் பலர். காற்றைக் காக்கும் சட்டங்கள் மிகக் கடுமையாக உள்ள இடங்களுள் ஒன்றும் அதுவே.

யப்பானின் மஸ்டா நிறுவனம் 1978 ஆம் ஆண்டு முதல் விற்ற 'ஆர்.எக்ஸ்.7' என்னும் காரை எடுத்துக்கொள்ளலாம். மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்கள் அதன் எஞ்சினில் இல்லை. முக்கோண வடிவான சுழலிகள் அறையினுள்ளே சுழன்று வலுவைத் தருகின்றன. உருவத்திற் சிறியது, ஓசையில் இனியது. ஆனால் சுழலியின் முனைகளிலுள்ள அடைப்புகள் தேய்ந்ததும் அமுக்கம் குறைகின்றது, வலுவும் குறைகின்றது. எண்ணெயையும் சிறிது சிறிதாக எரித்துவிடுகின்றது. ஆகவே, அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, 1997 ஆம் ஆண்டின் கோர்வெற் காரில் முதன்முதலாக வந்த 'எல்.எஸ்.1' என்னும் 5.7 லீற்றர் எஞ்சினைப் பலர் அதிற் பொருத்துகின்றனர். அலுமினியத்தாற் செய்த எட்டு உருளை எஞ்சின் அது. இலேசான உடலிற் பெரிய வலு சேர்ந்துவிடுகின்றது. விற்பவன் திறப்பை முறுக்கியதும் எழும் முழக்கத்திலே வாங்க வந்தவனின் மனம் மயங்கிவிடுகின்றது. அந்த மயக்கத்தில் அவன் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. இந்தக் காருக்குப் புகைச் சான்றிதழ் கிடைக்குமா என்பதே அது.

அக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1943 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒரு புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. போர்க்காலமாதலின் பகைவர் நச்சுப்புகை வீசினரோ என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். செயற்கை இறப்பருக்கான பொருளை ஆக்கிய ஆலையொன்றின்மீது பழி சுமத்தப்பட்டது. ஆலை மூடப்பட்ட பின்னரும் புகை தீரவில்லை. பசடீனா நகரத்துக் கலிபோர்ணியத் தொழில்நுட்பக் கழகத்தில், அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-சிமிற் என்னும் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் உண்மையை வெளிப்படுத்தினார். முற்றாக எரியாத பெற்றோலின் ஆவியும், நைதரசனின் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிற் கலந்து ஓசோனாக மாறுகின்றன. இவற்றின் பெரும்பகுதி மோட்டார் வாகனங்களிலிருந்தே வருகின்றது என்று அவர் காட்டினார். குற்றவாளி எங்கோ ஓர் ஆலையில் இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் நின்றிருந்தான்.

இவ்வுண்மையிலிருந்தே சட்டங்கள் பிறந்தன. 1967 ஆம் ஆண்டில் மாநிலக் காற்று வளச் சபை நிறுவப்பட்டது. 1975 ஆம் ஆண்டின் கார்கள் முதலாகப் புகையிலுள்ள நஞ்சை மாற்றும் ஊக்கிக் கலம் பரவலாக வந்தது. 1984 ஆம் ஆண்டில் வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. இன்று, மாநிலத்தின் பெரும் பகுதிகளில், 1976 ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வந்த பெற்றோல் கார்கள், மிகப் புதியவை நீங்கலாக, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பரிசோதனைக்கு உட்படுகின்றன. 1975 ஆம் ஆண்டினவும் அதற்கு முந்தியனவும் விலக்குப் பெற்றுள்ளன. 1972 ஆம் ஆண்டின் டற்சன் 240 செட் காரும், 1978 ஆம் ஆண்டின் 280 செட் காரும் பார்வைக்கு உடன்பிறந்தார் போன்றவை. எனினும் முன்னதற்குப் பரிசோதனை இல்லை, பின்னதற்கு உண்டு.

எஞ்சினை மாற்றுவதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதைப் பலர் அறியார். அது விதிப்பது சில நிபந்தனைகளையே. பொருத்தப்படும் எஞ்சின் காரின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருத்தல் வேண்டும். 1978 ஆம் ஆண்டின் காரில் 1970 ஆம் ஆண்டின் எஞ்சினை வைத்தல் ஆகாது. அந்த எஞ்சின் எந்தப் புகை அளவுக்குச் சான்று பெற்றதோ, அவ்வளவு காருக்குரிய அளவுக்குச் சமமாகவோ அதிலும் கடுமையாகவோ இருத்தல் வேண்டும். பார வாகனத்தின் எஞ்சினை இலேசான காரில் இடுதலும் கூடாது.

மூன்றாவது நிபந்தனையிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். எஞ்சின் தனியே வருதல் கூடாது. தன் சுற்றத்தோடு வருதல் வேண்டும். 1998 ஆம் ஆண்டின் கமரோ காரிலிருந்து எடுத்த எஞ்சினை 1988 ஆம் ஆண்டின் ஆர்.எக்ஸ்.7 காரில் வைப்பவன், அக்கமரோவின் ஊக்கிக் கலங்கள், புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரிகள், தாங்கியின் பெற்றோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக்கலம், எஞ்சினை ஆளும் கணினி, குறை நேர்ந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு ஆகிய யாவற்றையும் கொண்டுவருதல் வேண்டும். இடமில்லை என்று ஒன்றை விட்டாலும் பணி நிறைவுறாது. வேகத்துக்காக வேறு உறுப்புகளைச் சேர்த்திருந்தால், அவை காற்று வளச் சபையின் விலக்கு இலக்கம் பெற்றனவாக இருத்தல் வேண்டும்.

இவை யாவும் நிறைவேறியபின், கார் 'நடுவர்' எனப் பெயர்பெற்ற பரிசோதகரிடம் செல்கின்றது. அவர் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, புகையையும் சோதித்து, காரின் கதவுத் தூணில் ஓர் அடையாளச் சீட்டை ஒட்டுகின்றார். எந்த ஆண்டின் எந்த எஞ்சின், எவ்வெவ் உறுப்புகள் இருத்தல் வேண்டும் என்பவற்றை அச்சீட்டு உரைக்கின்றது. அதன்பின் வழக்கமான நிலையங்களிலே அக்காரைப் பரிசோதிக்கலாம். வீட்டுக்கு உறுதி எப்படியோ, மாற்று எஞ்சின் கொண்ட காருக்கு அச்சீட்டு அப்படியே.

ஆகவே, அறிவுடைய வாங்குநன் முதலில் முழக்கத்தைக் கேட்பதில்லை. கதவைத் திறந்து சீட்டைத் தேடுகின்றான். எஞ்சினின் இலக்கத்தைப் பார்த்து அதன் ஆண்டை அறிகின்றான். சீட்டிற் கண்ட உறுப்புகள் இப்பொழுதும் உள்ளனவா எனக் குனிந்து நோக்குகின்றான். பரிசோதனை நாளில் ஊக்கிக் கலத்தைப் பொருத்தி, மறுநாள் கழற்றிவிடுவோரும் உலகில் உண்டு. கணினியின் நினைவை அழித்து எச்சரிக்கை விளக்கை அணைத்துவைப்பதும் உண்டு. நினைவு அழிந்த கணினி தன் சோதனைகளை மீண்டும் முடிக்கும்வரை பரிசோதனையிற் தேறாது என்பதை வாங்குநன் அறிந்திருத்தல் நன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக, இத்தகைய காரை விற்பவனே செல்லுபடியான புகைச் சான்றிதழை வழங்க வேண்டும் என்பது அம்மாநிலத்துச் சட்டம். சான்றிதழின் ஆயுள் 90 நாட்கள். "கார் நன்றாகவே ஓடுகின்றது, சான்றிதழைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், அதனாலேதான் விலையைக் குறைத்தேன்" என்று ஒருவன் சொன்னால், குறைத்த விலையே எச்சரிக்கை. அவனுக்குக் கிடைக்காத சான்றிதழ் வாங்கியவனுக்கு எளிதிற் கிடைக்கப்போவதில்லை. பலநாட் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய கார் வீதியில் ஓடாது, கொட்டகையிற் கிடந்து துருப்பிடிக்கும்.

பழங்கார்களை நேசிப்போர் இச்சட்டங்களை நொந்துகொள்வதுண்டு. ஆண்டில் சில நூறு மைல் மட்டும் ஓடும் ஒரு காரால் வானம் கறுத்துவிடுமா என்பர். அவ்வினா முற்றும் நியாயமற்றதன்று. ஆனால் தத்தம் கார் ஒன்றுதானே என்று ஒவ்வொருவரும் எண்ணியபோதே லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வானம் கறுத்தது. மேலும், ஒழுங்காகப் பொருத்தப்பட்ட புதிய எஞ்சின், தேய்ந்த பழைய எஞ்சினிலும் தூய புகையையே விடக்கூடும். சட்டம் வேண்டுவதும் அதுவே. வலுவுக்கும் தூய்மைக்கும் பகையில்லை. அவசரத்துக்கும் தூய்மைக்குமே பகை.

இலங்கையிலும் 2008 ஆம் ஆண்டு முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. வருமான அனுமதிப்பத்திரம் பெறச் செல்வோர் அச்சான்றிதழை நன்கறிவர். அதை வெறுங் கடதாசி என்று எண்ணுவோரும் உளர். காரைச் செலுத்துபவன் புகையை முன்னே காண்பதில்லை. அது அவனுக்குப் பின்னால் எழுகின்றது. வீதியோரத்தில் நின்று அதை மூச்சில் வாங்குபவர் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளே. அவர்களுக்காகப் பின்னே திரும்பிப் பார்த்தவன் ஒருவன் உண்டு என்பதற்கு அக்கடதாசியே சாட்சி.