புச்சிபாபு விட்டுச் சென்றது எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் சமயமும் தமிழும் பேசப்படுவது வழக்கம். இம்முறை விளையாட்டைப் பற்றிப் பேசவும் இடந் தந்தீர்கள். அதற்காக நன்றி கூறுகிறோம். மிஷன் பாடசாலை மைதானத்திலே துடுப்பையும் பந்தையும் முதன்முதல் தொட்டுப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே இப்பொருள் எங்கள் மனத்துக்கு நெருக்கமானது.

விளையாட்டு வீரன் ஒருவன் மறைந்தால் அவனை மதிப்பிடுவது எளிது. அவன் எடுத்த ஓட்டங்களும் வீழ்த்திய விக்கெற்றுகளும் ஏட்டிலே கிடக்கின்றன. ஆனால், பணம் போட்டு ஓர் அணியை உண்டாக்கி, அதைத் தன் பிள்ளைபோல் வளர்த்த உரிமையாளர் மறையும்போது எதை வைத்து அளப்பது? அபிமானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி படத்துக்கு மாலை சூட்டி, குறை சொல்வது பாவம் என்கிறது. மற்றக் கட்சி, பணக்காரன் பெயருக்காகச் செய்தான் என்று உதறித் தள்ளுகிறது. குணத்தையும் தேடு, குற்றத்தையும் தேடு, எது மிகுதியோ அதைக் கொண்டு முடிவு செய் என்பது வள்ளுவர் நமக்குக் காட்டிய நெறி. அந்தத் தராசைக் கையில் எடுத்துக்கொண்டு, சென்னைப் பட்டினத்தில் 1908இல் மறைந்த ஒருவரை இன்று நிறுத்துப் பார்க்க விரும்புகிறோம். அவர் எம். புச்சிபாபு நாயுடு.

1868இல் பிறந்த அவரது முழுப்பெயர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. ஆங்கிலேய வர்த்தக நிறுவனங்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே நின்று வியாபாரம் நடத்திய துபாஷிகளின் குடும்பம் அவருடையது. மயிலாப்பூரில் மாளிகை, கையில் தாராளமான செல்வம். அக்காலத்தில் சென்னையிலே துடுப்பாட்டம் வெள்ளையரின் சொத்தாக இருந்தது. அவர்கள் 1846இல் நிறுவிய சென்னைத் துடுப்பாட்டக் கழகம் சேப்பாக்கம் மைதானத்தை வைத்திருந்தது. அங்கே ஆடப் போகும் இந்தியருக்கு மண்டபத்துள் இடமில்லை. மரநிழலிலேதான் உணவு உண்ண வேண்டும் என்று சொல்வார்கள். ஆடுகளத்தில் எதிரே நிற்கலாம், பந்தியிலே பக்கத்தில் அமரக் கூடாது!

இந்த அவமானத்துக்குப் புச்சிபாபு கோபத்தால் பதில் சொல்லவில்லை. 1888இல் சென்னை யுனைட்டட் கழகத்தை நிறுவிப் பதில் சொன்னார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபது. ஜார்ஜ் டவுனை அடுத்த எஸ்பிளனேட் வெளியில் அந்தக் கழகம் ஆடத் தொடங்கியது. துடுப்பு, பந்து, வெள்ளை உடை எல்லாம் அவர் பணத்தில் வந்தன. இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பழக்கினார். அதன்பின் இந்தியர் ஒரு பக்கமும் ஐரோப்பியர் ஒரு பக்கமும் நின்று சமமாக மோதும் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். 1908 டிசம்பரில் ஆட்டம் குறிக்கப்பட்டது. சில நாட்களே இருக்கையில் புச்சிபாபு காலமானார். வயது நாற்பது.

தலைவன் போனதும் கூட்டம் கலைவதுதான் உலக வழக்கம். இங்கே அவ்வாறு நடக்கவில்லை. அவர் கனவு கண்ட ஆட்டம், பின்னாளில் பொங்கற் காலத்தில் நடக்கும் மாகாணப் போட்டியாக நிலைத்தது. 1915-16 தொடக்கம் முதல்தர ஆட்டமாக நடந்து, 1952 வரை நீடித்தது. அவர் பெயரால் 1909இல் ஆரம்பித்த சுற்றுப்போட்டி நூறாண்டுகளைக் கடந்துவிட்டது. சில ஆண்டுகள் நின்றிருந்து, 2023இல் மீண்டும் தொடங்கியது. அவருடைய இளைய மகன் கோட்டா ராமசாமி 1922இல் டேவிஸ் கிண்ண டென்னிஸிலும், 1936இல் டெஸ்ட் துடுப்பாட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடினார். இவையெல்லாம் தராசின் ஒரு தட்டிலே.

இனி மற்றத் தட்டு.

ஒருவர் பணத்தில் நடக்கும் கழகத்தில் அந்த ஒருவரின் விருப்பமே சட்டமாகிவிடும். அவர் வாங்கித் தந்த துடுப்போடு களத்தில் இறங்குகிறவன், அணித் தெரிவு நியாயமில்லை என்று அவரிடமே எப்படிச் சொல்வான்? இது புச்சிபாபு ஒருவருக்கு மட்டும் உரிய குறையன்று. பரோபகாரத்தின் நிழல் அது. விளக்கு எவ்வளவு பெரிதோ நிழலும் அவ்வளவு பெரிது.

அதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. வெள்ளையன் நம்மை மண்டபத்துள் விடவில்லை என்று வருந்தினோமே, நாம் யாரை வெளியே நிறுத்தினோம்? அதே காலத்தில் பூனாவில் பல்வாங்கர் பாலு என்றொரு பந்துவீச்சாளர் இருந்தார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். ஐரோப்பியர் கழகத்தில் மைதானம் பராமரிக்கும் வேலை பார்த்தவர். அவரது பந்துவீச்சு வேண்டுமென்று இந்துக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேநீர் இடைவேளையில் மண்டபத்துக்கு வெளியே, எறிந்துவிடும் மண்கோப்பையிலே தனியாகக் கொடுத்தது. 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கு மேற்பட்ட விக்கெற்றுகளை வீழ்த்தினார் அவர். அணித் தலைமை மட்டும் அவருக்குக் கிட்டவேயில்லை. அவர் தம்பி விட்டலுக்கே 1923இல் கிட்டியது. சென்னையில் மரநிழல், பூனாவில் மண்கோப்பை. முன்னதைச் செய்தவன் அந்நியன். பின்னதைச் செய்தவர்கள் நம்மவர்கள். இந்து வாலிபர்களாகிய நாம் முன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் நமது தராசு பொய்த் தராசு.

பூனாவில் நடந்ததற்குச் சென்னையில் இருந்தவர் மேல் பழி போட முடியாதுதான். ஆனால் அக்காலத்துத் துடுப்பாட்டம் எங்கும் செல்வமும் ஆங்கிலப் படிப்பும் உள்ளவர்களைச் சுற்றியே நின்றது. புச்சிபாபு ஒரு கதவைத் திறந்தார். அதன் உள்ளே இன்னும் பல கதவுகள் மூடியே இருந்தன.

இனி மூன்றாவது அளவுகோல்: உரிமையாளர் இல்லாமல் அவர் செய்தது நிற்குமா? இதை விளங்கிக்கொள்ள உலகத்தையும் ஒரு தரம் பார்ப்போம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகர உதைபந்தாட்டக் கழகத்தைத் தாய்லாந்துச் செல்வந்தர் விச்சை சிறிவத்தனபிரபா 2010இல் வாங்கினார். பந்தயக்காரர்கள் 1க்கு 5000 என்று எள்ளிய அந்தக் கழகம் 2016இல் நாட்டின் முதன்மைப் பட்டத்தை வென்றது. நகரத்துப் பிள்ளைகள் வைத்தியசாலைக்கு 20 இலட்சம் பவுண் வழங்கவும் அவர் முன்வந்தார். பட்டம் வாங்கித் தந்த பயிற்சியாளர் ரனியேரியைப் பத்து மாதத்துக்குள் அக்கழகம் நீக்கியபோது, அதே அபிமானிகள் மனம் கசந்தனர். 2018 ஒக்டோபர் 27ஆம் திகதி, அரங்கிலிருந்து புறப்பட்ட ஹெலிகொப்டர் விழுந்து விச்சையும் வேறு நால்வரும் மாண்டனர். வாயிலில் மலர்கள் மலையாய்க் குவிந்தன. 2022இல் சிலையும் எழுந்தது. அடுத்த ஆண்டே கழகம் முதற்பிரிவிலிருந்து இறங்கியது. 2024இல் ஏறி, 2025இல் மறுபடி இறங்கியது. அன்பு நிலைத்தது, பலம் நிலைக்கவில்லை.

நமது நாட்டிலே வேறொரு காட்சி. பாக்கியசோதி சரவணமுத்து உரிமையாளர் அல்லர், அரசாங்க உத்தியோகத்தர். 1899இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்துக்காக, வனாத்தமுல்லையிலே சதுப்பு நிலத்தை மைதானமாக்க முன்னின்றவர் அவர். 1945இல் அது திறக்கப்பட்டது. 1948இல் பிராட்மனின் அணி அங்கே ஆடியது. அவர் 1950இல் மறைந்தார். இலங்கையின் முதல் டெஸ்ட் பந்தயம் 1982இல் அந்த மண்ணிலேதான் நடந்தது. 1985இல் இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்று இலங்கை முதல் டெஸ்ட் வெற்றி கண்டதும் அங்கேதான். இன்று அந்த மைதானம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தனியொருவரின் பையிலே தங்காமல் கழகத்தின் கையிலே தங்கியதால் அது நிலைத்தது.

ஆகவே எங்கள் தீர்ப்பு இது. புச்சிபாபுவின் தராசில் குணத்தட்டே தாழ்கிறது. காரணம், அவர் தந்த பணமன்று. தாம் இல்லாதபோதும் நடக்கக்கூடிய ஓர் ஆட்டத்துக்கு வித்திட்டதுதான். அவர் திறவாத கதவுகள் அவருடைய புகழைக் குறைக்கவில்லை; அவை நம்முடைய கடனாக நமக்கு வந்து சேர்கின்றன.

இறக்கக்கண்டிப் பெரியோர்களே! இக்கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். களப்போரத்து மணலிலே மாலையில் பந்தடிக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். கடல் கடந்து வாழும் அன்பர் ஒருவர் உடையும் துடுப்பும் வாங்கித் தந்தால் நாம் மகிழ்ந்து ஏற்கிறோம், ஏற்கவும் வேண்டும். ஆனால் அவர் கை ஓய்ந்த அன்று கழகமும் ஓய்ந்துவிடலாகாது. ஆகையால் மூன்று காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். வரும் பணத்துக்கு எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கேடு ஒன்று வேண்டும். சிறு தொகையாயினும் அங்கத்தவர் ஒவ்வொருவரும் சந்தா செலுத்த வேண்டும். சந்தா கொடுத்தவனே கேள்வி கேட்கும் உரிமை பெறுவான். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் குடும்பம், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று பாராமல், வலை இழுப்பவர் பிள்ளையும் வயல் உழுபவர் பிள்ளையும், அயலிலே வாழும் முஸ்லிம் சகோதரரின் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று ஒரே குவளையில் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இவற்றை நாம் செய்தால், உதவி செய்த அன்பர் மறையும் நாளில் அவருக்கு மாலையும் சூட்டலாம். மனச்சாட்சியோடு அவரை நிறுத்தும் பார்க்கலாம்.