மலைப் பிள்ளைகளும் இங்கிலீஷ் இலக்கணமும்



இந்த ஜவ்வாது மலைக்கு நாம் வந்தது இங்கிலீஷ் பாஷையைப் புகழுவதற்குமல்ல, இகழுவதற்குமல்ல. நம் பிள்ளைகள் அதன் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் வகுப்பிலே எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே வந்தோம்.

பல பள்ளிகளில் நடப்பதென்ன? உபாத்தியாயர் விதியைச் சொல்லுகிறார். பிள்ளைகள் அப்படியே ஒப்புவிக்கிறார்கள். "ஏன்?" என்று கேட்பாரில்லை. புரோகிதன் மந்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மந்திரம் தெரியாவிட்டால் ஒரு நஷ்டமுமில்லை. இங்கிலீஷில் தவறினாலோ, படிப்பு பத்தாம் வகுப்போடு நின்று, பையன் கூலிக்கும் பெண் கலியாணத்துக்கும் போகும்படியாகிறது.

இந்த விதிகளை எந்தக் கடவுள் அருளினார்? 1762-ல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஓர் இலக்கணம் எழுதினார். ஒரு வாக்கியத்தில் இரண்டு 'இல்லை' வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்ற விதி பரவியதில் அப்புத்தகத்துக்குப் பங்குண்டு. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னிருந்த ஷேக்ஸ்பியரோ இரட்டை 'இல்லை' போட்டே எழுதியிருக்கிறார். ஆகவே விதி மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. பரீட்சைக்கும் உத்தியோகத்துக்கும் வேண்டுமாதலால் கற்கத்தான் வேண்டும். ஆனால் காரணம் கேட்டுக் கற்கவேண்டும்.

காரணம் சொல்லுவது கஷ்டமா? "கரடி நாயைக் கடித்தது" என்றாலும், "நாயைக் கரடி கடித்தது" என்றாலும் நமக்கு அர்த்தம் ஒன்றே. 'ஐ' உருபு கடிபட்டது யாரென்று காட்டிவிடுகிறது. இங்கிலீஷில் பெயர்ச்சொல்லுக்கு அவ்வுருபு கிடையாது. சொல் நிற்கும் இடமே அர்த்தத்தைச் சொல்லுகிறது. இடம் மாற்றினால் நாய் கரடியைக் கடித்ததாகிவிடும்! இதைச் சொன்னால் மலைப் பிள்ளை மறப்பானா?

இலக்கியமும் இப்படியே. வோர்ட்ஸ்வொர்த் என்ற கவி டாபோடில் பூவைப் பாடினார். தான் தனியே திரிந்து கண்டதாகப் பாட்டிலே சொல்லுகிறார். உண்மையில் 1802 ஏப்ரல் 15-ந் தேதி கூடப் போன தங்கை டாரதி அக்காட்சியைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தாள். பாட்டு 1807-ல் அச்சாயிற்று. தங்கை அதில் இல்லை! கூட வந்த பெண் ஏன் மறைந்தாள் என்று நம் பெண்பிள்ளைகள் கேட்கட்டும். அதுவல்லவோ இலக்கியப் படிப்பு?

இம்மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற மலையாளிப் பழங்குடிப் பெண் 2024-ல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேறியதை நாடறியும். உயர்நீதிமன்றம் பேசும் பாஷை இன்றும் இங்கிலீஷே. நம் நிலத்தையும் காட்டையும் பற்றிய தீர்ப்பை நாமே படித்தறிய வேண்டாமா?

ஆதலால் பெற்றோர்களே, "எத்தனை மார்க்கு?" என்று மட்டும் கேளாதீர்கள். "இன்று உபாத்தியாயரை என்ன கேட்டாய்?" என்றும் கேளுங்கள் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.