தொய்யிலா, குறத்தியின் ஊசியா?

என்னைவிடத் தகுதியானவர்கள் எதிரே அமர்ந்திருக்க, இந்தக் கருத்தரங்கின் தலைமை நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள். நேற்றிரவு இந்த உரையை மூன்று முறை திருத்தினேன். இன்னும் நிறைவு வரவில்லை. பொறுத்துக் கேட்க வேண்டும்.

கிழக்காசியாவிலும் தமிழகத்திலும் பச்சை குத்துதல் பற்றிய மாறும் நோக்கு என்பது நம் பொருள். கருத்தரங்கை இந்தப் பொன்னேரி வட்டாரத்தில் நடத்துவதற்காக அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். பொன்னேரி அருகே ஜப்பானின் சுமிதோமோ நிறுவனம் பங்காளியாக இருக்கும் தொழிற்பூங்கா இயங்குகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காலையில் புறநகர் ரயிலை விட்டு இறங்கினால் நடைமேடையிலேயே கோலப் பச்சை போட்ட பாட்டியின் கை, கோத்னா என்ற தங்கள் ஊர்ப் பச்சையைக் குத்திய வடநாட்டுப் பெண்ணின் கை, போன மாதம் கடையில் டாட்டூ போட்டுக்கொண்ட பையனின் கை என்று மூன்றும் கண்ணில் படும்.

கிழக்காசியச் செய்திகள் உங்களுக்குத் தெரிந்தவை. 1720இல் ஜப்பான் குற்றவாளிகளுக்குப் பச்சையைத் தண்டனையாக்கியது. 1872இல் மெய்ஜி அரசு பச்சை குத்துவதையே தடை செய்தது. தடை 1948இல் நீங்கியது, கூச்சம் நீங்கவில்லை. பச்சை குத்துவது மருத்துவச் செயல் ஆகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஆயிற்று. அது மருத்துவர் மட்டுமே செய்யத்தக்கது என்று 1992இல் தென்கொரிய உச்ச நீதிமன்றம் கூறியது. அதை மாற்றும் சட்டம் 2025இல்தான் நிறைவேறியது. நாளைய அமர்வுகளில் இவை விரிவாக வரும். நான் வேறொன்றைப் பேச விரும்புகிறேன்.

தமிழரின் பச்சை சங்ககாலத் தொய்யிலிலிருந்து வந்தது என்ற கருத்து நம் ஆய்வுகளில் வேரூன்றிவிட்டது. வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்கள் பலவும் அதில்தான் தொடங்குகின்றன. இதை நான் ஏற்கவில்லை. சங்கப் பாடல்கள் தொய்யிலுக்குத் தரும் வினை 'எழுது' என்பது. மகளிரின் தோளிலும் மார்பிலும் குழம்பு கொண்டு எழுதுவது அது. எழுதியது அழியும், மீண்டும் எழுதுவார்கள். பச்சைக்கு நம் மக்கள் சொல்லும் வினை 'குத்து'. குத்தினால் ரத்தம் வரும், கை வீங்கும், சாகும்வரை போகாது. "நகையைக் கழற்றிக்கொள்வார்கள், பச்சையை யார் கழற்றுவார்?" என்று இந்தப் பக்கத்துப் பாட்டிகள் கேட்பதுண்டு. அழிவதை அழியாததற்குத் தாயாக்க வேண்டுமானால் இடையில் சான்று வேண்டும். அந்தச் சான்றை இதுவரை யாரும் காட்டவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இதைக் கட்டுரையாக வாசித்தபோது மூத்த அறிஞர் ஒருவர் "இது நாட்டுப்புறச் செய்தி, ஆய்வாகாது" என்று ஒதுக்கினார். அவரிடம்தான் நான் சங்கப் பாடல்களுக்கு உரை காணக் கற்றேன். அந்த நன்றி குறையவில்லை. ஆனாலும் அன்று அவையில் சொல்லாமல் விட்ட மறுமொழியை இன்று சொல்லிவிட வேண்டும்.

நாம் தொய்யிலைத் தேடிப் போவது குறத்தியை விட்டு விலகுவதற்காகத்தான். ஊர் ஊராக வந்து பச்சை குத்தியவர்கள் குறவர் சமூகப் பெண்கள். நரிக்குறவர் வேறு, இவர்கள் வேறு என்பதைச் சில கட்டுரைகள் இன்னும் மறக்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த தர்ஸ்டன், இவர்கள் மை தயாரிக்கும் பக்குவத்தைப் பதிந்து வைத்தார். அகத்திக் கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச்சட்டி கவிழ்த்துக் கரி பிடிப்பார்கள். அந்தக் கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். தோலுக்கடியில் போன கருமை பச்சையாகத் தெரியும். இது ஒரு தொழிலறிவு. தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்தது.

அந்தக் கைகளை அரசு என்ன செய்தது? பச்சையை முதலில் தண்டனைக் குறியாக்கியது: 1797இல் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, கைதிகளின் நெற்றியில் கோத்னா குத்த விதி செய்தது. 1849இல்தான் அது ஒழிந்தது. பின்னர் 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் குழுக்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பதிவானவர்களின் விரல்ரேகையை எடுக்க அச்சட்டம் இடம் தந்தது. பிறர் தோலில் குறி வைத்து வாழ்ந்த சமூகத்தின் விரலிலேயே அரசு மை தடவிக் குறி எடுத்தது. பச்சை மீது நம் நடுத்தர வீடுகளுக்கு வந்த வெட்கத்தை ரசனை மாற்றம் என்று எழுதுகிறோம். குத்தியவளைக் குற்றவாளி ஆக்கிய பிறகு அவள் குத்தியது எப்படி மரியாதையாக நிற்கும்?

நாம் புரட்டாத ஆவணம் ஒன்றும் இருக்கிறது. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. அங்கே ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1911 வரை தொடர்ந்தது. போனவர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அந்தக் கப்பல் பதிவேடுகளில் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உடல் அடையாளம் என்று ஒரு பத்தி உண்டு. மச்சமும் தழும்பும் பச்சையும் அதில் ஏறின. இந்த வட்டாரம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். இன்று இது சேர்ந்திருக்கும் திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆகவே பொன்னேரிப் பெண்களைச் செங்கல்பட்டு என்ற பெயரின்கீழ்த் தேட வேண்டும். எந்த ஊரில், எந்த வயதில், எந்தக் கையில் என்று கேட்டால் பத்தாண்டு வாரியாக விடை தரக்கூடிய ஆவணம் இது. தொய்யிலுக்குச் செலவிட்ட உழைப்பில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் இந்த வாதமே வந்திராது.

கப்பலேறிய பெண்களின் கைகளைப் பற்றிக் கிழக்காசியாவிலும் ஒரு செய்தி உண்டு. ஒகினாவாவில் பெண்ணுக்குப் பெண்ணே கையில் குத்திய 'ஹஜிச்சி' என்னும் பச்சையை 1899இல் ஜப்பான் தடை செய்தது. ஹவாய்க்குக் கூலி வேலைக்குப் போன ஒகினாவாப் பெண்கள் சக ஜப்பானியரின் ஏளனத்துக்கு அஞ்சிக் கைகளை மறைத்தார்கள். நேட்டாலுக்குப் போன நம் பெண்களும் மறைத்தார்களா? கிழக்காசியாவோடு நம்மை ஒப்பிட நான் கேட்கும் முதல் கேள்வி இது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பிற்பகலில் இவ்வட்டாரத்து மூதாட்டிகள் மூவர் வருகிறார்கள். நிகழ்ச்சி நிரலில் 'தகவலாளிகள்' என்று மட்டும் அச்சாகியிருக்கிறது, பெயர் இல்லை. தலைவர் என்ற முறையில் அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன். தொய்யில் கட்டுரைகளுக்கு முன்னால் அவர்கள் பேசுவார்கள். யார் குத்தினார்கள், அந்த அம்மாவுக்கு எந்த ஊர், கூலி நெல்லா காசா என்று கேளுங்கள். கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள்.