கல்லூரி வாசலும் கணக்காளர் பட்டயமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடலும் பாடலும் நிறைந்த இவ்விழாவில் தேர்வு, மதிப்பெண் என்று பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். ஆயினும் பிளஸ் டூ முடித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று கலங்கும் பெற்றோர் இம்மன்றத்தில் பலர் உள்ளனர். அவர்களுக்காகவே இவ்வுரை.

கணக்குப் படிப்பில் நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே நாட்டம் உண்டு. ஆனால் பட்டயக் கணக்காளர், அதாவது சி.ஏ., என்றவுடன் நாம் பின்வாங்குகிறோம். பெயர் பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தவர்க்கே அது கைகூடும் என்று எண்ணுகிறோம். மாற்றல் உத்தரவு வந்தால் படிப்பு பாதியில் நிற்குமே என்று அஞ்சுகிறோம். பெண் பிள்ளையாயின், தொலைவிலுள்ள கல்லூரிக்கு அனுப்பத் தயங்கி வீட்டிலேயே நிறுத்திவிடுகிறோம். இவ்வச்சங்களால் எத்தனை நல்ல அறிவு வீணாகிறது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவோம். சி.ஏ. பட்டயத்தை வழங்குவது எந்தக் கல்லூரியும் அன்று. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமே அதனை வழங்குகிறது. அந்நிறுவனத்திற்குள் புக இரண்டு வாயில்கள் உள்ளன. பிளஸ் டூவுக்குப் பின் ஃபவுண்டேஷன் என்னும் நான்கு தாள் தேர்வில் தேறி நுழைவது ஒன்று. இவ்வழியில் செல்வோர்க்குப் பட்டப்படிப்பு கட்டாயமன்று. பட்டம் பெற்றபின் நேரே இன்டர்மீடியட்டில் சேர்வது மற்றொன்று. இதற்கு வணிகவியல் பட்டதாரிகள் நூற்றுக்கு 55-உம், பிற பட்டதாரிகள் 60-உம் பெற்றிருக்க வேண்டும்.

2023-இல் வந்த புதிய திட்டத்தின்படி இன்டர்மீடியட்டில் ஆறு தாள்கள், இறுதித் தேர்வில் ஆறு தாள்கள். இவற்றிற்கு இடையே ஒரு கணக்காளரிடம் இரண்டு ஆண்டு நேர்முகப் பயிற்சி. அக்காலத்தில் உதவித்தொகையும் உண்டு. ஒவ்வொரு தாளிலும் 40 மதிப்பெண்ணும் மொத்தத்தில் நூற்றுக்கு 50-உம் பெற்றால் தேர்ச்சி. குழுவில் தவறினாலும், 60 மதிப்பெண் பெற்ற தாளுக்கு விதிகளின்படி விலக்கு உண்டு. பாட நூல்களை நிறுவனமே தன் வலைத்தளத்தில் இலவசமாகத் தருகிறது. விடைகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதலாம். இவ்வூர்ப் பள்ளிகளில் இந்தி வழியே பயின்ற நம் பிள்ளைகளுக்கு இது பெருந்துணை.

பட்டமும் வேண்டும் என்போர்க்கும் வழி உண்டு. 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை அஞ்சல் வழியே பட்டம் அளிக்கின்றன. மேலும், 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விக் கிரெடிட் வங்கி என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வங்கியில் பணம் சேர்வதுபோல, தேறிய பாடங்களுக்குரிய கிரெடிட்டுகள் மாணவர் பெயரில் அங்கே சேர்கின்றன. ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 30 மணி நேரக் கல்வி. பொதுவாக அவை 7 ஆண்டுகள் வரை செல்லும். 2017-இல் தொடங்கிய ஸ்வயம் என்னும் அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பாடம் கேட்டுத் தேர்வு எழுதி, ஒரு பருவப் பாடங்களில் நூற்றுக்கு 40 வரை இவ்வாறு பெறவும் விதி இடந்தருகிறது. மாற்றலால் ஊர் பெயரும் குடும்பத்திற்கும், மணமாகிப் படிப்பை நிறுத்திய பெண்ணுக்கும் இதனினும் ஏற்ற உதவி வேறில்லை.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஓர் ஊர் நாணயம் வேறோர் ஊர்ச் சந்தையில் செல்லாது. கிரெடிட்டும் அத்தகையதே. கிரெடிட் வங்கியில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கிடையேதான் அது மாறும். அங்கும் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தின் விதியே முடிவானது. அக்கிரெடிட்டுகள் பட்டத்திற்கு உதவுமேயன்றி, சி.ஏ. தாள்களில் ஒன்றையேனும் குறைக்கமாட்டா. நம் ரயில்வேக் கணக்குத் துறையிலும் அப்பெண்டிக்ஸ் 3 என்னும் கடினமான தேர்வு உண்டு. அதில் தேறியவர் துறையில் உயர்வு பெறுவார். ஆனால் அத்தேர்ச்சி சி.ஏ.வில் ஒரு தாளுக்கும் ஈடாகாது.

கடல் கடந்தும் இதே நிலைதான். அமெரிக்காவில் சி.பி.ஏ. உரிமம் பெற நெடுங்காலமாக 150 செமஸ்டர் மணிநேரக் கல்வி வேண்டும் என்பது விதி. அங்குப் பட்டப்படிப்பு ஏறத்தாழ 120 மணிநேரமே. எஞ்சிய 30-ஐச் சிறு கல்லூரிகளிலும், கிளெப் போன்ற தனித்தேர்வுகளிலும் குறைந்த செலவில் பலர் சேர்க்கின்றனர். எதை ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநில வாரியமும் தனித்தனியே முடிவு செய்கிறது. 2025 முதல் சில மாநிலங்கள், பட்டத்துடன் இரண்டு ஆண்டு அனுபவமும் தேர்வுத் தேர்ச்சியும் போதும் என்ற மாற்று வழியையும் திறந்துள்ளன. நம் மூன்றாண்டு பி.காம். பட்டம் அந்த 120-க்கு ஈடாக எல்லா இடத்திலும் கொள்ளப்படுவதில்லை. அந்த உரிமத்தை நாடும் இளைஞர், பணம் கட்டுவதற்கு முன்னரே தாம் விரும்பும் மாநிலத்தின் விதியைப் படித்தல் வேண்டும்.

ஆகவே நாம் சொல்லக்கூடியது ஒன்றே. கிரெடிட்டைச் சேர்க்குமுன், அதனை ஏற்பவர் யார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். ஆறு மாதத்தில் பட்டம் வாங்கித் தருவோம் என்று வரும் தரகரை வாசலிலேயே நிறுத்துங்கள். அங்கீகாரமற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிடுகிறது. அதைப் பார்க்க ஒரு நாழிகை போதும். பாராது விட்டால் மூன்று ஆண்டு உழைப்பும் பாழாகும்.

கல்லூரிக்கு வெளியே கணக்கியல் கற்றல் இயலுமா என்று ஐயுறுவோர் ஆர். சிவபோகம் அம்மையாரை நினைக்க வேண்டும். 1907-இல் பிறந்த அத்தமிழ்ப் பெண்மணி, விடுதலைப் போரில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் இருந்தபோது கணக்கியல் பயிலத் துணிந்தார். 1933-இல் அரசாங்கக் கணக்கியல் பட்டயத்தில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவுபெற இயலாது என்று அன்றைய விதி தடுத்தது. அவர் வழக்குத் தொடுத்து வென்றார். சிறைச்சுவர் தடுக்காத படிப்பை நம் குடியிருப்பின் சுவர்களா தடுக்கும்?

இனி நம் சங்கம் செய்யவேண்டியது யாது? நூலக அறையை மாலை நேரத்தில் படிப்போர்க்குத் திறந்து வைப்போம். வலைத்தள வசதியுடன் ஒரு கணினி அமைப்போம். குடியிருப்பில் உள்ள கணக்குத் துறை அன்பர்கள் வாரம் ஒரு நாள் ஐயம் தீர்க்க முன்வருவார்களாக. பெண் பிள்ளைகளும், வேலைக்குச் செல்லும் இளைஞரும், படிப்பை இடையில் விட்ட தாய்மாரும் அங்கு ஒன்றாக அமர்ந்து பயிலட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு மேசையும், ஒரு விளக்கும், நாளும் இரண்டு மணி நேர ஊக்கமும் போதும்.

பத்தாம் வகுப்போடு பணிக்கு வந்த நம்மில் பலர்க்கு இவ்வழிகள் அந்நாளில் தெரியவில்லை, சொல்வாரும் இல்லை. நம் மக்களுக்கு அக்குறை நேராதிருக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில், ஃபவுண்டேஷனில் தேறிய ஒரு பிள்ளைக்கேனும் இம்மேடையில் மாலை சூட்டும் பேறு நமக்குக் கிட்டுவதாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!