கண்ணாடி முன்னே
(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



கண்ணாடி பார்க்கும் பழக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று செயலாளரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அலுமாரிக் கண்ணாடியிற் பார்த்துத் தலைமயிரைத் தடவி விட்டுக்கொண்டார். அப்பொழுதே எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

கடைத்தெருவிலே சற்று நின்று பாருங்கள். புடவைக்கடைக் கண்ணாடியைக் கடந்து போகிறவர்களுள் பத்துப் பேரில் எட்டுப் பேர் புடவையைப் பார்ப்பதில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்தியவுடன் இளைஞன் முதலிற் குனிவது அதன் கண்ணாடிக்குத்தான். இவர்களைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நம் முன்னோர் நீரிலும் துலக்கிய உலோகத்திலுமே முகம் பார்த்தார்கள். கேரளத்து ஆறன்முளையிலே செம்பும் வெள்ளீயமும் சேர்த்து வார்த்து மெருகிடும் கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது. 1835இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக், கண்ணாடித் தகட்டின்மேல் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டறிந்தார். அவ்வழி வந்த கண்ணாடிதான் காலப்போக்கிலே மலிந்து, குடிசைச் சுவரிலும் தொங்கலாயிற்று. அதற்குமுன் ஓர் ஏழை உழவன் தன் முகத்தை எத்தனை முறை தெளிவாகக் கண்டிருப்பான்?

நமது சமயம் கண்ணாடியை வெறுத்ததில்லை. பூசையிலே தீபங்காட்டியபின் சுவாமிக்குக் கண்ணாடி காட்டுகிறோம். கயிலையில் இறைவன் கண்ணாடியிலே தன் திருவுருவைக் கண்டு அழைக்க, அந்நிழலே ஆலாலசுந்தரராய் வந்தது என்பது நம் மரபிற் சொல்லப்படும் கதை. குமரிப் பகுதியிலே, சாமித்தோப்பில், ஐயா வைகுண்டர் வழியினர் கண்ணாடி முன் நின்று வழிபடுகின்றனர். ஸ்ரீ நாராயண குரு 1927இல் களவங்கோடு கோவிலிலே விக்கிரகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியையே பிரதிட்டை செய்தார். கும்பிட வந்தவன் நிமிர்ந்து பார்த்தால் அங்கே நிற்பவன் அவனே! சாதியின் பேரால் மனிதனை மனிதன் தள்ளிவைத்த காலத்தில் அது எத்துணை பெரிய செயல்!

இனி என் கதை. நான் படித்தது ஒரு மிஷன் கல்லூரியில். அங்கே ஒருவரும் என்னைத் திருநீற்றை அழி என்று சொன்னதில்லை. இதனை நான் சொல்லியே ஆகவேண்டும். எனினும், காலையில் அம்மா பூசிவிட்ட திருநீற்றைக் கல்லூரிச் சந்திக்கு முன்னுள்ள ஒரு கடைக் கண்ணாடியின் எதிரே நின்று கைலேஞ்சியால் துடைப்பேன். ஒரு துகளும் இல்லையென்று கண்டபின்பே நடப்பேன். மாலையில் சட்டைப்பையிலுள்ள பொட்டலத்தைப் பிரித்து, அதே கண்ணாடியைப் பார்த்து மறுபடியும் பூசிக்கொண்டு வீடு செல்வேன். இப்படி இரண்டு வருடம். ஒருநாட் காலை கடைக்காரர் உள்ளிருந்து, "தம்பி, இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு" என்றார். அவர் உதவியாகத்தான் சொன்னார். எனக்கோ நிலத்துள் புகுந்துவிடலாம்போல் இருந்தது.

கல்லூரியிலே நாங்கள் படித்த யாக்கோபு நிருபத்தில், கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு அப்பாற் போனதும் தன் சாயலை மறந்துவிடும் ஒருவன் வருகிறான். எனக்கு வந்த நோய் வேறு. நான் என் சாயலை ஒரு கணமும் மறக்கவில்லை.

பல்கலைக்கழகம் புகுந்தபின் ஒரு பரிசோதனையைப் பற்றி வாசித்தேன். 1970இல் காலப் என்ற அமெரிக்க உளவியலாளர், மயக்க நிலையிலிருந்த சிம்பன்சிக் குரங்குகளின் புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயம் இட்டார். விழித்தபின் கண்ணாடியைக் கண்ட அவை, கண்ணாடியைத் தொடாமல் தம் புருவத்தையே தொட்டுப் பார்த்தன. தன்னைத் தான் அறியும் அறிவுக்கு இது அடையாளம் என்றார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அந்தக் குரங்கு நெற்றிக் குறியைத் தொட்டுப் பார்த்ததற்குக் காரணம் பயமல்லவே!

இன்னொன்றும் வாசித்தேன். கண்ணாடி இடத்தை வலமாகக் காட்டுவதை அறிவீர்கள். ஒருவருடைய நேர்ப்படத்தையும் இடவலம் மாற்றிய படத்தையும் காட்டி, எது நன்று எனக் கேட்டு 1977இல் வெளியான ஓர் ஆய்வில், தம் படத்தைப் பார்த்தவர்கள் மாற்றிய படத்தையே பெரும்பாலும் விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்கள் நேர்ப்படத்தை விரும்பினார்கள். என் தாய் அறிந்த என் முகத்தை நான் கண்ணாடியில் ஒருநாளும் கண்டதில்லை என்றாகிறது!

அம்மம்மா வீட்டுச் சாமியறையிலே கண்ணாடி இல்லை. அவர் பூசும் மூன்று குறியும் நேராகவே விழும். சென்ற விடுமுறையில் நானும் அங்கே நின்று பூசிக்கொண்டு, "நேரா இருக்கோ அம்மம்மா?" என்று கேட்டேன். "நெத்தி உன்ரை, கையும் உன்ரை. என்னைக் கேக்கிறாய்" என்று சொல்லிவிட்டு அவர் விளக்குத் திரியைத் தூண்டினார்.

இன்று கண்ணாடி பாராமலே பூசி வந்திருக்கிறேன். கோணலாயிருந்தால் முன்வரிசையில் இருக்கும் பெரியோர் கூட்டம் முடிந்தபின் சொல்லியருளுக.