நிறையும் பொறையும்

மாரி கழிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து வளவுகளிற் கிணறு கலக்கி இறைக்கும் வேலை தொடங்கிவிடும். ஆறில்லாத இக்குடாநாட்டிலே சுண்ணக்கற் பாறையினூடே ஊறிவரும் நீரே ஊரைக் காத்துவருகின்றது. இயந்திரத்தை வைத்து இறைக்கத் தொடங்கினால் முதலில் நீர்மட்டம் கண்காண இறங்கும். பின்னர் ஓரிடத்தில் நின்றுவிடும். இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கின்றது. வாய்க்காலில் நீர் பாய்ந்துகொண்டே இருக்கின்றது. ஆயினும் மட்டம் இறங்குவதில்லை. அதனைக் கண்டு இயந்திரம் பழுது என்று தோட்டக்காரர் எவரும் கூறார். அடியிலே ஊற்றுத் திறந்துகொண்டது என்பதை அவர் அறிவார்.

மனித உடம்பும் ஏறக்குறைய இத்தன்மையதே. உடற்பருமன் காரணமாக இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டோரும், அவருடன் வாழும் குடும்பத்தாரும் இவ்வுண்மையை அறிந்திருத்தல் அவசியமாகும். அறியாமையினால் விளையும் மனத்துயரம் பெரிது. அதனால் உடலுக்கு நேரும் கேடு அதனினும் பெரிது.

குடாநாட்டுக் கிராமமொன்றில் வாழும் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவரை நேயர்கள் மனத்தில் எண்ணிக்கொள்வார்களாக. அவர் நிறை 110 கிலோகிராம். நீரிழிவு உண்டு, முழங்கால் நோவினாற் கோயில் வீதியைச் சுற்றி வரவும் முடிவதில்லை. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குச் சென்று சத்திரசிகிச்சை செய்துகொண்டு திரும்புகின்றார். முதல் மாதத்திற் பத்துக் கிலோ குறைகின்றது. வீட்டார் மகிழ்கின்றனர். மூன்றாம் மாதத்தில் நிறைகாட்டியின் முள் அசையாது நிற்கின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம், மாற்றமில்லை. வேலியோரம் வந்த அயல்வீட்டு முதியவள், "என்ன பிள்ளை, ஒப்பரேசன் செய்தும் நிறை குறையேல்லையே? இவ்வளவு காசும் வீணாய்ப் போச்சே!" என்கின்றாள். கேட்டவர் உள்ளம் குன்றுகின்றது. குற்றம் தம்முடையதே என எண்ணி உணவை மேலும் குறைக்கின்றார். வைத்தியர் முகத்தில் விழிக்க நாணி, குறித்த நாளிற் பரிசோதனைக்குச் செல்லாது விடுகின்றார். தீங்கு தொடங்கும் இடம் அதுவே.

இச்சத்திரசிகிச்சை புதிதன்று. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலுடன் நேரே இணைக்கும் முறையை 1966ஆம் ஆண்டிற் செய்துகாட்டினார். இன்று பெருவழக்காயுள்ள மற்றொரு முறையில், இரைப்பையில் ஏறக்குறைய நாற்பங்கில் மூன்று பங்கு நீக்கப்பட்டு, எஞ்சிய பகுதி சட்டைக் கைபோன்ற ஒடுங்கிய குழாயாக விடப்படும். கொள்ளளவு குறைவதுடன், பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோனும் குறைகின்றது. யப்பானிய விஞ்ஞானிகள் 1999ஆம் ஆண்டிற் கண்டறிந்த அவ்வோமோன், வெட்டி நீக்கப்படும் பகுதியிலேயே மிகுதியாகச் சுரப்பதாகும்.

அங்ஙனமாயின், நிறை ஏன் ஒரே சீராகக் குறைவதில்லை? காரணங்கள் மூன்று. முதலாவது, தொடக்கத்திற் குறைவது முழுவதும் கொழுப்பன்று. ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்பட்ட மாப்பொருள் முதலிற் கரைகின்றது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் பிணைந்திருக்கும். அந்நீர் வெளியேறும்போது நிறை விரைந்து இறங்கும். சேமிப்புத் தீர்ந்ததும் வேகம் தணியும். இரண்டாவது, சிறுத்த உடம்புக்குச் சிறிதளவு சக்தியே போதும். 110 கிலோவைச் சுமந்து நடந்தவர் 90 கிலோவைச் சுமக்கும்போது அவர் செலவிடும் சக்தியும் குறைகின்றது. மூன்றாவது, உணவு குன்றியவுடன் உடம்பு அதனைப் பஞ்சமெனக் கொண்டு சிக்கனத்தை மேற்கொள்கின்றது. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1945ஆம் ஆண்டில் 36 இளைஞர் ஆறு மாத காலம் அரைவயிற்று உணவுடன் ஆராயப்பட்டனர். நிறை குறைந்த அளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதிலும் மிகுதியாக அவர்தம் உடம்பின் சக்திச் செலவு குறைந்திருந்தது. பஞ்சத்தில் மனித இனத்தைக் காத்த அதே இயல்புதான் இன்று நிறைகாட்டியின் முள்ளைப் பிடித்து நிறுத்துகின்றது. கிணற்றின் அடியில் ஊற்றுத் திறந்துகொள்வதும் இதுவும் ஒன்றே.

ஆகவே, சில வாரங்கள் நிறை அசையாது நிற்பது தோல்வியன்று. பெரும்பாலானோர்க்கு முதல் ஆறு மாதத்தில் வேகமாகவும், அதன்பின் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை மெதுவாகவும் நிறை குறைகின்றது. எவ்வளவு குறையும் என்பதையும் முன்னரே அறிந்திருத்தல் நன்று. மேற்கூறிய பெண்மணிக்கு உரிய நிறை 60 கிலோ எனக் கொள்வோம். அவர் மேலதிகமாகச் சுமப்பது 50 கிலோ. அதிற் பாதியோ அதனிற் சற்றுக் கூடவோ, அதாவது 25 முதல் 30 கிலோ வரை குறைந்தால் அது நல்ல பயனே. அறுபதை அடையாத காரணத்தால் அவர் தோற்றவராகார்.

சுவீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டிலே தொடங்கி நடத்தப்பட்ட நெடுங்கால ஆய்வொன்று இதற்குச் சான்றாகும். அதிற் சத்திரசிகிச்சை பெற்றோர் ஈராயிரவர். பெறாதார் ஏறக்குறைய அதே தொகையினர். சிகிச்சை பெற்றோரின் நிறை இரண்டாண்டு முடிவிற் சராசரி நூற்றுக்கு 23 பங்கும், பத்தாண்டு முடிவில் 17 பங்கும், இருபதாண்டு முடிவில் 18 பங்கும் குறைந்திருந்தது. முதலிற் குறைந்ததிற் சிறிது மீண்டும் ஏறியது உண்மையே. ஆயினும், அக்குறைவைக்கொண்டே சிகிச்சை பெற்றோரிடை மரணம் மற்றையோரிலும் குறைந்தது என 2007ஆம் ஆண்டில் அவ்வாய்வாளர் அறிவித்தனர். இலக்கை எட்டாத நிறைக்குறைவும் உயிரைக் காக்கும் என்பதே இதன் பொருள்.

எனவே, நிறைகாட்டி ஒன்றையே நீதிபதியாக்குதல் தகாது. நாள்தோறும் அதில் ஏறி நின்று மனம் வருந்துவதை விடுத்து, வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் நிறை பார்த்தல் போதும். அத்துடன் இடுப்பின் சுற்றளவை அளத்தல் வேண்டும். நிறை நிற்கும் வாரங்களிலும் இடுப்பு ஒடுங்குதல் உண்டு. குருதியிற் சீனியின் அளவு என்ன? குருதியமுக்க மாத்திரை குறைந்துள்ளதா? முன்பு மூச்சிரைக்க ஏறிய படிகளில் இப்போது இரைக்காமல் ஏற முடிகின்றதா? நல்லூர்த் திருவிழாவில் வெளிவீதியை ஒருமுறையேனும் நடந்து சுற்ற முடிந்ததா? இவையெல்லாம் கணக்கிற் சேர வேண்டியவையே.

பொறுமை வேண்டும் என்பதனால் எல்லாத் தேக்கத்தையும் பொறுத்திருத்தல் வேண்டும் என்பதில்லை. திருத்தத்தக்க காரணங்களும் உள. சிறுத்த இரைப்பை சோற்றைத் தடுக்கும், பானத்தைத் தடுக்காது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு நாளொன்றுக்கு ஆறு முறை அருந்தும் தேநீர், பாயசம், இனிப்புச் சோடா, குளிர்களி யாவும் தடையின்றி உள்ளே செல்லும். மிக்சரும் முறுக்கும் வாயிற் பொடிந்து சிறிது சிறிதாக நாள் முழுதும் இறங்கும். குரக்கன் பிட்டு நல்லது என்பதனால் அளவின்றி உண்ணலாம் என்பதும் தவறான எண்ணமே. மீன், முட்டை, பயறு, கடலை முதலிய புரத உணவை முதலிலும், இலைக்கறியும் காய்கறியும் அதன்பின்னும், சோற்றையோ பிட்டையோ ஈற்றிலும் உண்ணல் வேண்டும். உணவுடன் நீரருந்தாது, உண்டு அரைமணி நேரம் கழித்து அருந்துதல் நன்று. மதுவோ கள்ளோ சத்திரசிகிச்சையின் பின் விரைந்து குருதியிற் கலந்து வெறியூட்டும். அதனை விலக்குதலே அறிவு.

உணவு ஒழுங்காயிருந்தும் மாதக்கணக்கில் நிறை குறையாவிடின், வேறு காரணம் இருத்தல் கூடும். தைரொயிட்டுச் சுரப்பிக் குறைபாடும், இன்சுலின், ஸ்ரீரோயிட்டு, சில மனநோய் மருந்துகள் ஆகியனவும் நிறையைப் பிடித்துவைப்பன. இவற்றை ஆராய்ந்து மாற்றுதல் வைத்தியர் கடமை. தாமாகவே மருந்தை நிறுத்துதல் ஆபத்தாகும். தேவைப்படுவோர்க்கு நிறை குறைக்கும் ஊசி மருந்துகளை வைத்தியர் சேர்த்துக் கொடுப்பதும் இக்காலத்தில் உண்டு.

ஒருபோதும் செய்யத்தகாதது பட்டினி கிடத்தலாகும். பட்டினியாற் கரைவது கொழுப்பு மட்டுமன்று, தசையும் கரையும். தசை கரைந்தால் உடம்பின் சக்திச் செலவு இன்னும் குறைந்து, தேக்கம் நீளும். இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி, விற்றமின் பி12 என்பவற்றின் குறைபாட்டாற் சோகையும், எலும்பின் வலுக்குறைவும், கைகால் விறைப்பும் தோன்றும். ஆதலின் வைத்தியர் தந்த விற்றமின் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். விடாத வாந்தி ஏற்படுமாயின் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. தயமின் என்னும் விற்றமின் தீர்ந்து, மூளையும் நரம்பும் மீளாத பாதிப்பை அடைதல் கூடும். கொழும்புக்குச் செல்ல வாய்ப்பு வரட்டும் என்று காத்திராமல், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கோ, தெல்லிப்பழை, மந்திகை முதலிய ஆதார வைத்தியசாலைகளுள் அண்மையிலுள்ள ஒன்றுக்கோ உடனே செல்லுதல் வேண்டும். செய்யப்பட்ட சத்திரசிகிச்சை இன்னதென எழுதிய துண்டைக் கையிற் கொண்டு செல்லுதல் வைத்தியருக்குப் பேருதவியாகும்.

தசையைக் காப்பது உழைப்பு. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது, மூலையிற் சாத்தியிருந்த துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் குடாநாட்டு வீதிகளில் ஓடின. சமதரையான இம்மண்ணில் அதனினும் எளிய பயிற்சி வேறில்லை. சந்தைக்கும் கோயிலுக்கும் வண்டியிற் செல்வதுடன், நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல், நீர் நிறைத்த போத்தல்களைத் தூக்கி இறக்குதல் போன்ற சிறு பயிற்சிகளும் தசைக்கு வலுவூட்டுவன. முழங்கால் நோவுள்ளோர் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குவாராக.

இறுதியாகச் சுற்றத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. "எவ்வளவு குறைந்தது?" என்ற கேள்வியைப் படலைக்குள் நுழையும்போதே கேளாதிருத்தல் அது. சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் சோம்பலுக்கு எளிய வழி தேடியவரல்லர்; வாழ்நாள் முழுதும் நீளும் ஒழுங்கொன்றை மேற்கொண்டவர். வீட்டிற் சமைக்கும் கறி மாறினால், உடன் நடக்க ஒருவர் வந்தால், பரிசோதனை நாளைக் கணவரோ மகளோ நினைவூட்டினால், அவர் சுமை பாதியாகக் குறையும்.

இறைக்கும்போது மட்டம் நின்றது கண்டு தோட்டக்காரர் வேலையைக் கைவிடுவதில்லை, கிணற்றை ஏசுவதுமில்லை. சற்று ஓய்ந்து, வாய்க்காலைப் பார்த்து, கசிவிருந்தால் அடைத்து, மீண்டும் இறைக்கின்றார். முள் அசையாத வாரங்களில் உடம்பு வேண்டுவதும் அத்தகைய பொறுமையே.