வேதியியல் கட்டடத்தின் வாசலில்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊரில் "என்ன வேலை பாக்குற?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி முடித்துவிடுவேன். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் கணினிவழிப் பொருளறிவியல் ஆய்வாளர். பேட்டரிக்கு ஒரு புதிய பொருள் வேண்டுமென்றால், அதை உலையில் வைத்துச் செய்து பார்ப்பதற்கு முன்பே அதன் அணுக்களைக் கணினியில் அடுக்கி, அது நிலைத்து நிற்குமா, மின்சாரம் கடத்துமா என்று கணக்கிடுவது எங்கள் வேலை.

இது லேசான கணக்கு அல்ல. 100 எலக்ட்ரான்கள் இருந்தால் குவாண்டம் சமன்பாட்டில் 300 மாறிகள் வரும். அதை நேரடியாகத் தீர்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. 1964இலும் 1965இலும் வந்த இரண்டு கட்டுரைகள் இதற்கு வழி காட்டின. ஒவ்வொரு எலக்ட்ரானையும் தனித்தனியே துரத்த வேண்டாம், எந்த இடத்தில் அவை எவ்வளவு அடர்ந்திருக்கின்றன என்று தெரிந்தால் போதும் என்றன. அடர்த்திக்கு 3 மாறிகள்தான். டி.எஃப்.டி. என்று நாங்கள் சொல்லும் இந்தக் கோட்பாட்டின் மேல்தான் என் அன்றாட வேலை நிற்கிறது.

அந்த இரண்டு கட்டுரைகளிலும் பெயர் உள்ளவர் வால்டர் கோன். 1923இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகள் வந்ததும் படித்த பள்ளியிலிருந்து விரட்டப்பட்டார். 1939இல், 16 வயதில், பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்துக்குத் தப்பினார். பெற்றோர் இனப்படுகொலையில் கொல்லப்பட்டார்கள். தஞ்சம் கொடுத்த இங்கிலாந்தே அவரை 'எதிரி நாட்டவர்' என்று பிடித்து, பின்னர் கனடாவில் ஒரு முகாமுக்கு அனுப்பியது. விடுதலையாகி டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குப் போனால், வேதியியல் கட்டடத்துக்குள் நுழையத் தடை. உள்ளே போர்க்கால ஆய்வு நடக்கிறது, இவரோ ஆவணப்படி ஜெர்மன் குடிமகன். வேதியியல் கட்டாயப் பாடம் என்பதால் படிப்பே கைநழுவும் நிலை. சாமுவேல் பீட்டி என்ற கணிதப் பேராசிரியர்தான் அவரைச் சிறப்பு மாணவராகச் சேர்க்க வழி செய்தார்.

1998இல் கோனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேதியியலுக்கு!

"பார்த்தாயா, திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது" என்று இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பீட்டி இல்லாவிட்டால் அந்தத் திறமை வாசலோடு திரும்பியிருக்கும்.

என் கதையும் அதுதான். ஆய்வுப் படிப்பில் சேர்ந்த அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ எந்தக் கோட்டா?" உடன் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரமே சூப்பர் கம்ப்யூட்டர் லாகின் கிடைத்தது. எனக்கு, "முதல்ல அடிப்படையைப் படி" என்று ஐந்து மாதம். ஒரு சீனியர் அக்கா இரவில் தன் லாகினில் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் இல்லையென்றால் நான் ஊருக்குத் திரும்பியிருப்பேன்.

தோழர்களே, நல்ல மனிதர் ஒருவர் கிடைப்பார் என்று நம்பி ஒரு சமூகம் படிக்க முடியாது. அதற்குத்தான் பாபாசாகேப் உரிமையைச் சட்டத்தில் எழுதினார். ஆனால் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணி இட ஒதுக்கீட்டுக்காக 2019இல் வந்த சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரு ஜவகர்லால் நேரு மையம், நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், தரமணி கணித அறிவியல் நிறுவனம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாதாம். காரணம், இவை 'உயர்சிறப்பு' நிறுவனங்களாம். நாம் உள்ளே வந்தால் சிறப்பு கெட்டுவிடுமா?

அந்தப் பிரிவை நீக்கச் சொல்லிக் குரல் கொடுப்போம். கூடவே படிப்போம். குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற மென்பொருள் இலவசம். சிலிக்கான் படிகத்தின் எளிய கணக்கைச் சாதாரண லேப்டாப்பிலேயே ஓட்டலாம். கூட்டம் முடிந்ததும் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இருங்கள். இன்றைக்கே ஆரம்பிப்போம்.

ஜெய் பீம்!